ஒன்பது முறை நல்லா இருக்கேன் என்றேன்

இதைக் காலையில் மட்டும்தான் எழுதுகிறேன். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதரை வரைக்கும் ஓடும். அதற்கப்புறம் இடது கண் இமை இறங்க ஆரம்பிக்கும், ஸ்க்ரீனில் ஒவ்வொரு வரியும் இரண்டாகும், விரல்கள் பேருக்குக் கீபோர்டு மேல் கிடக்கும். அதனால் நடுவில் எங்காவது பேச்சு சட்டென்று நின்று அடுத்த பத்தி வேறு மாதிரி ஆரம்பித்தால், அது மறுநாள் காலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். முகம் தெரியாதவள், இங்கே எங்களுக்குப் பக்கத்து ஊரான டப்ளினில் இருக்கிறாளாம். அவள் கணவருக்கு முதுகுத்தண்டில் ஏதோ கோளாறு. வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தரும் பணத்துக்கு டிஸெபிலிட்டி க்ளெய்ம் போட்டிருந்தார், நிராகரித்துவிட்டார்கள். "அக்கா, நீங்க அப்பீல் பண்ணி வாங்குனீங்களாமே, எப்படி?" என்று கேட்டாள். போனில் அத்தனையும் சொல்ல எனக்கு மூச்சு போதாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது. ஃபாரம் நம்பர், கடைசித் தேதி எல்லாம் வெப்சைட்டில் கிடைக்கும். அங்கே கிடைக்காததை மட்டும் எழுதுகிறேன்.

என் பெயர் சுமதி. ஊர் கோபிச்செட்டிபாளையம். சான் ரமோனில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய ப்ரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடித் தேடிக் கண்டுபிடிப்பது. என் உடம்பில் தப்பு வந்தபோது அதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. அதில் பாதி நானே ஒளித்து வைத்தது.

முதலில் கண்தான். சாயங்காலம் ஃப்ரீவேயில் வரும்போது முன்னால் போகும் கார் இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகிவிடும். அப்படியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வாரம் வண்டி ஓட்டினேன். இதை இப்போது எழுதும்போதுதான் எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். குடும்ப டாக்டர் வைட்டமின் எழுதிக் கொடுத்து, வேலையில் டென்ஷனா என்று கேட்டார். யாருக்குத்தான் இல்லை என்றேன். அவரும் சிரித்தார்.

பிறகு வாய். சப்பாத்தியை இரண்டு விள்ளல் மென்றால் தாடை ஓய்ந்துபோகும். டயட் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தயிர்சாதத்துக்கு மாறினேன். மீட்டிங்கில் பதினைந்து நிமிடம் பேசினால் குரல் மூக்கு வழியாக வரும். சளி பிடித்திருக்கிறது என்றேன். அந்த வருஷம் எனக்கு மாதக்கணக்கில் சளி. கழுத்து நிற்காமல் சாயங்காலமானால் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு உட்காருவேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய யோசனையில் இருப்பதாகத் தோன்றியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரசம் குடித்தேன், அது மூக்கு வழியாக வந்தது. மூச்சு மேலே மட்டும் ஏறியது, உள்ளே போகவில்லை. என் கணவர் செந்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தீயணைப்பு வண்டியும் சேர்ந்து வரும், விளக்கெல்லாம் சுழலும், தெருவே வாசலுக்கு வரும். அவரே காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். எங்கள் பெண் நிலா பின்சீட்டில் என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. தயவுசெய்து நீங்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தெரு பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

எமர்ஜென்சியில் ஓர் இளம் டாக்டர் ரப்பர் கையுறைக்குள் ஐஸ் போட்டு என் இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது மூடியிருந்த இமை திறந்திருந்தது. ஏழு மாதம் யாருக்கும் தெரியாதது இரண்டு நிமிட ஐஸில் தெரிந்துவிட்டது. மையஸ்தீனியா என்றார். நரம்பு அனுப்பும் உத்தரவைத் தசை வாங்கிக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது. என் உடம்பின் எதிர்ப்புசக்தியே அந்த வாசலைப் பகை என்று நினைத்து அடைத்துவிடுகிறது. ஓய்வெடுத்தால் கொஞ்சம் திறக்கும். உபயோகிக்க உபயோகிக்க மூடிக்கொள்ளும். அதனால் காலையில் மனுஷியாக இருப்பேன், மாலையில் துணி மூட்டையாகிவிடுவேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதனால்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள், சாதாரண வார்டில் நாலு நாள். முகத்தில் இறுக்கிக் கட்டிய ஒரு மாஸ்க் காற்றை உள்ளே தள்ளும். பேச முடியாது, தூங்கவும் முடியாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து மாஸ்க்கைக் கழற்றி, ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது பார்க்கலாம் என்பார். மூச்சுத் தசைக்கு எவ்வளவு பலம் மிச்சம் என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி. முதல் நாள் ஏழு வரை வந்தது. நிலா கட்டில் பக்கம் நின்று என்னோடு சேர்ந்து தமிழில் எண்ணுவாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததில் அவளுக்கு மிஞ்சியது இருபது வரை எண்ணுவது. நான் இருபதைத் தாண்டினால் அவளுக்கு அடுத்தது தெரியாது, அதனால் அதற்குள் நிறுத்திவிடலாம் என்று அவள் சொன்னபோது சிரிக்க முயன்றேன். என் முகத்தில் சிரிப்பு வரவில்லை, உதடு ஒரு பக்கம் சுருங்கி உறுமுவது போல ஆனது. நிலா அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தை ஐந்து நாள் கை வழியாக இரத்தக்குழாயில் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த இரத்தத்திலிருந்து அந்த ஒரு பாட்டில் வருகிறதாம். ஆறாம் நாள் பதினெட்டு வரை எண்ணினேன். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்கள்: மூன்று வாரத்துக்கு ஒரு முறை இது ஏற வேண்டும், நிறுத்தினால் மறுபடி மாஸ்க்தான். வீட்டுக்கு வந்த முதல் பில்லை செந்தில் பிரித்துப் பார்த்தார். மறுபடி அதே மடிப்பில் மடித்து அதே கவருக்குள் வைத்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கோபியில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே ராத்திரி, வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிடுவேன். அந்த நேரத்தில் என் இமை நன்றாக நிற்கும். அம்மாவும் எண்ணெய் வைத்துத் தலை வாரி, பொட்டு வைத்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டீராய்டு மாத்திரையில் என் முகம் உப்பியிருந்ததைப் பார்த்து, நல்லா சதை போட்டிருக்கிறாய் என்று சந்தோஷப்பட்டார். நல்லா இருக்கியா கண்ணு, நல்லா இருக்கேம்மா, நீ நல்லா இருக்கியா, எனக்கென்ன கண்ணு. பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

இனி க்ளெய்ம் விஷயம். முதலில் இங்கே மாநில அரசு கொஞ்ச காலத்துக்கு உதவித்தொகை கொடுக்கும், அதில் பெரிய சிக்கல் வரவில்லை. அது முடிகிற நேரத்தில், கம்பெனி நமக்காக எடுத்து வைத்திருக்கும் நீண்டகால டிஸெபிலிட்டி இன்ஷூரன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வரும். எனக்கு அந்தப் பணத்தைவிட முக்கியமான ஒன்று இருந்தது. எங்கள் கம்பெனி விதிப்படி அந்த க்ளெய்ம் ஏற்கப்பட்டால்தான் என் மருத்துவக் காப்பீடு தொடரும். இல்லையென்றால் வேலையும் போகும், அதோடு காப்பீடும் போகும். செந்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறார். அவருடைய காப்பீட்டில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கலாம், மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டில் ஏற்ற முடியாது. அந்த பாட்டில் இல்லாவிட்டால் எனக்கு மூச்சு இல்லை. இவ்வளவுதான் கணக்கு.

இருபத்திரண்டு பக்க ஃபாரம் வந்தது. தினசரி வாழ்க்கையில் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேள்விகள். இங்கேதான் நான் கோட்டை விட்டேன். அந்த ஃபாரத்தை நான் பரீட்சைப் பேப்பராக நினைத்துவிட்டேன். ஒரு கேள்வியையும் விடக்கூடாது, தெரியாததற்கும் எழுதி வை, அடிஷனல் ஷீட் வாங்கு என்று வளர்ந்த கை இது. சமைப்பீர்களா? ஆம். மிக்ஸியில் தயிர்சாதம் அடிப்பதும் சமையல்தானே. வண்டி ஓட்டுவீர்களா? ஆம். நிலாவின் பள்ளி வரைக்கும், மூன்று நிமிடம், காலையில் மட்டும், வாரத்தில் ஒரு நாள். அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொழுதுபோக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டால் நாகரிகமில்லாதவள் என்று நினைப்பார்களே என்று, தோட்டம், கோலம், வாசிப்பு, நடைப்பயிற்சி என்று நாலு எழுதினேன். நடந்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாது. கடைசியில், எதிர்காலத் திட்டம் என்ன என்ற கேள்விக்கு, கடவுள் அருளால் சீக்கிரம் பூரண குணமடைந்து வேலைக்குத் திரும்புவேன் என்று எழுதினேன். செந்தில் படித்துப் பார்த்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒன்பது பக்கம். என்னை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒரு டாக்டர் என் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, இந்தப் பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையை முழுநேரம் செய்ய முடியும் என்று முடிவு சொல்லியிருந்தார். நான் அவர் மேல் ஆத்திரப்படலாம் என்று மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே என் நரம்பு டாக்டர் ஒவ்வொரு சந்திப்பிலும் எழுதியதை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நோயாளி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். நோயாளி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார், தோற்றம் நேர்த்தி. நோயாளி நன்றாக இருப்பதாகச் சொல்கிறார், புகார் எதுவும் இல்லை. ஒன்பது சந்திப்பு, ஒன்பது முறை. அதற்குக் கீழே என் ஃபாரத்திலிருந்து தோட்டமும் கோலமும்.

எனக்குத் துக்கம் வரவில்லை, முதலில் அசதிதான் வந்தது. இதை மறுக்க எங்கே ஆரம்பிப்பது? எல்லாம் நான் சொன்னதுதான்.

அப்பீல் செய்ய நூற்றெண்பது நாள். செந்திலின் ஆபீஸில் யாரோ ரூத் என்ற வக்கீலின் நம்பரைக் கொடுத்தார்கள். ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்கிற ஏற்பாடு. அறுபது வயதுப் பெண்மணி, போனில் தொண்டை கரகரப்பாகப் பேசுவார். என் ஃபைலை முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிட்டு, இதே பெயரில் உனக்கு ஒரு தங்கை இருக்கிறாளா என்று கேட்டார். ஏன் என்றேன். இந்தக் குறிப்பில் இருக்கிறவளுக்கு ஒரு நோயும் இல்லையே என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டரிடம் எத்தனை மணிக்குப் போவாய்? காலை ஒன்பதுக்கு. எப்போதும் வியாழக்கிழமையா, ஏன்? இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வியாழக்கிழமை ராகு காலம் மத்தியானம்தான் வரும், காலை நல்ல நேரம். ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரைப் பார்த்துத்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்குவேன். முந்தின நாள் முழுக்கப் படுத்தே இருப்பேன், டாக்டர் முன்னால் துவண்டு விழக்கூடாது என்று. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், தசைக்குக் கொஞ்ச நேரம் பலம் கொடுக்கும் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். குளித்து, நல்ல காட்டன் சுடிதார் போட்டு, பவுடர் பூசி, பொட்டு வைத்துப் போவேன். நாலு பேர் முன்னால் சீக்குக் கோழி மாதிரி போய் நிற்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து அப்படித்தான். டாக்டர் உள்ளே வந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்பார். நல்லா இருக்கேன் டாக்டர் என்பேன். வேறு என்ன சொல்வது? வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்கிற மாதிரிதான் அதுவும்.

ரூத் நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு, இனி நீ மூன்று காரியம் செய்ய வேண்டும் என்றார். நாளின் கடைசி அப்பாயின்ட்மென்ட்டை வாங்கு, ஓய்வெடுக்காமல் போ. உன்னோடு வாழ்கிறவர்கள் நீ எதைச் செய்ய முடியாமல் இருக்கிறாய் என்று எழுதிக் கொடுக்கட்டும். முழுக் கதையையும் இப்போதே அனுப்பிவிடு, ஏனென்றால் இந்த அப்பீலில் சேர்க்காத எதையும் பின்னால் நீதிமன்றம் பெரும்பாலும் பார்க்காது. உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

செந்தில் நாலு நாள் லேப்டாப்பைத் திறந்து திறந்து மூடினார். அவருக்கு ஆபீஸ் இங்கிலீஷ் நன்றாக வரும், இது வரவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் பெட்ரூமில் படுத்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே டைனிங் டேபிளில் அவர் தமிழில் சொல்ல, நிலா இங்கிலீஷில் டைப் செய்துகொண்டிருந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

"எழுதிக்கோ. அம்மா காலையில எந்திரிச்சதும் கட்டில் மேலயே பத்து நிமிஷம் உக்காந்திருப்பா. நான் தூங்கற மாதிரியே படுத்திருப்பேன். நான் பாக்கறேன்னு தெரிஞ்சா டக்குனு எந்திரிக்கப் பாப்பா."

கீபோர்டு சத்தம் கேட்டது.

"சாப்பிடறப்ப பாதியில போதும்னு வெச்சிருவா. வயிறு நெறஞ்சு இல்ல, வாய் ஓய்ஞ்சு போயிரும். நானும் பசியில்லைன்னு கூடவே எந்திரிச்சிருவேன்."

நிலா ஏதோ கேட்டாள்.

"தலை சீவ கை தூக்க முடியல. அதுக்குத்தான் முடிய வெட்டிக்கிட்டா. ஸ்டைலுக்குன்னு எல்லார்கிட்டயும் சொன்னா. நாமளும் நல்லாருக்குன்னு சொன்னோம்ல, அதையும் எழுது."

டிவி பார்க்கும்போது இமையை விரலால் தூக்கிப் பிடிப்பதை, குளித்து வந்தால் ஒரு மணி நேரம் பேசாமல் கிடப்பதை, போன் வந்தால் எடுக்காமல் மெசேஜ் போடுவதை எல்லாம் சொன்னார். நிலா தன் பங்குக்கு இங்கிலீஷில் சிலவற்றைச் சேர்த்தாள். காரில் பள்ளிக்கு விடும்போது சிக்னலில் நான் கழுத்தைச் சீட்டில் சாய்த்துவிடுவதாகவும், பச்சை விழுந்தால் அவள்தான் சொல்வதாகவும். பிறகு அவள் கேட்டாள், நமக்கு இதெல்லாம் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியாது, அதையும் எழுத வேண்டுமா என்று.

"எழுது," என்றார் செந்தில். "அதுதான் முக்கியம்."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒருத்தியை இப்படியா வேவு பார்ப்பது என்று. இரண்டு வருஷம் நான் பட்ட பாடு, போட்ட நாடகம் எல்லாம் வீண். அவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிறகு வெட்கமாக இருந்தது. அப்புறம் அழுதேன். அழுதால் எனக்கு மூச்சு வாங்கும், அதனால் அதையும் பாதியில் நிறுத்தினேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் பாதியில் வைத்தேன். செந்தில் எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க உக்காந்து சாப்பிடுங்க," என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்து இன்னும் இரண்டு தோசை சாப்பிட்டார். எத்தனை நாள் அரை வயிற்றோடு படுத்தாரோ.

நரம்பு டாக்டரிடம் கடைசி அப்பாயின்ட்மென்ட் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத்தான் கிடைத்தது. காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய், மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம்.

"ஏனுங்க, ராகு காலமுங்க," என்றேன்.

"கெட்ட நேரத்துலதான போகோணும் இப்ப," என்றார் செந்தில். "நல்ல நேரத்துல போய்த்தான இந்தக் கதி."

அன்று காலையிலிருந்து நான் படுக்கவில்லை. துணி மடித்தேன், பாத்திரம் தேய்த்தேன். மாத்திரையைத் தள்ளிப்போடச் சொல்லி டாக்டர் ஆபீஸிலிருந்தே நர்ஸ் சொல்லியிருந்தார். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழைய டிஷர்ட், வாராத தலை. பொட்டு மட்டும் வைத்தேன், அது இல்லாமல் வாசலைத் தாண்ட மனம் வரவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது, ரூத் கேட்ட அந்த நோயில்லாத தங்கை இன்று வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்று தோன்றியது. செந்திலுக்கு மீட்டிங், அதனால் நிலாதான் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

டாக்டர் உள்ளே வந்தார், வழக்கம்போல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார், எப்படி இருக்கிறீர்கள் என்றார். அவ்வளவு ஏற்பாட்டோடு போயும், என் வாய் தானாகத் திறந்து, நல்லா இருக்கேன் டாக்டர் என்றது. பத்தாவது முறை. அவர் விரல் கீபோர்டுக்குப் போனது.

"அம்மா," என்றாள் நிலா. "யூ ஆர் நாட் ஃபைன்." பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "சொல்லு," என்றாள்.

சொன்னேன். குரல் மூக்கு வழியாக, வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. டாக்டர் திரும்பி, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கையை முன்னால் நீட்டச் சொல்லி நேரம் பார்த்தார். காலையில் இரண்டு நிமிடம் நிற்கிற கை, இருபத்தி மூன்று விநாடியில் மடியில் விழுந்தது. மேல் கூரையைப் பார்க்கச் சொன்னார், இரண்டு இமையும் இறங்கி நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். நிலா என்னோடு சேர்ந்து தமிழில் எண்ணினாள், பதினொன்றில் நின்றோம். இப்படி இருப்பதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்டார். கடிந்துகொள்ளவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். நீங்கள் கேட்டது மரியாதைக்கு என்று நினைத்தேன், நானும் மரியாதைக்குச் சொன்னேன் என்றேன். அன்று அவர் மூன்று பக்கம் எழுதினார். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் மணி போட்டிருந்தார்.

பிறகு இரண்டு நாள் ஒரு சோதனை நடந்தது, எவ்வளவு நேரம் உட்கார, தூக்க, டைப் செய்ய முடிகிறது என்று. இரண்டாம் நாள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பழைய ஃபாரத்தையும் ஒவ்வொரு பதிலாக எடுத்துத் திருத்தி எழுதினேன். எத்தனை நிமிடம், எந்த நேரத்தில், அதற்கப்புறம் எவ்வளவு படுக்க வேண்டும் என்று. பொழுதுபோக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டேன். காலியாக விட என் கை கூசியது.

அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருந்தோம். கம்பெனி மருத்துவக் காப்பீட்டை முடிவு வரும்வரை நீட்டித்திருந்தது, ஆனால் அதிகபட்சம் இந்தத் தேதி வரைக்கும்தான் என்று ஒரு மெயிலும் வந்திருந்தது. ஒவ்வொரு பாட்டிலும் ஏறும்போது, இது கடைசியோ என்று சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

கடிதம் வந்தபோது ஒரே பக்கம்தான். மறுப்பதற்கு ஒன்பது பக்கம் தேவைப்பட்டது, ஏற்பதற்கு ஒன்று போதுமாக இருந்தது. உங்கள் தொழிலின் முக்கியப் பணிகளைத் தொடர்ந்து செய்ய இயலாதவர் என்று நிர்ணயித்திருக்கிறோம் என்று இருந்தது. செந்தில் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிலா என்னைக் கட்டிக்கொண்டாள். பாட்டில் தொடரும், மூச்சு தொடரும். ஆனாலும் இயலாதவர் என்ற அந்த வார்த்தையை நான் போராடி, ஆள் வைத்து, ஒரு வருஷம் அலைந்து வாங்கியிருக்கிறேன் என்பது உள்ளே எங்கோ குத்தியது. சந்தோஷம் முழுசாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் வராமல் போகலாம்.

அன்று சாயங்காலம் ஏழரை மணிக்கு, கண் பாதி மூடிய நிலையில், அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. செவ்வாயோ புதனோ. ஞாயிற்றுக்கிழமை இல்லை. அங்கே காலை நேரம். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். வீடியோவில் மேல் கூரையும் ஃபேனும்தான் தெரிந்தன.

"என்ன கண்ணு இந்நேரத்துக்கு? நல்லாருக்கியா?"

"இல்லம்மா," என்றேன். "நான் நல்லா இல்ல."

இரண்டு வருஷத்தையும் சொன்னேன். மூக்குக் குரலில், நின்று நின்று. அம்மா அழுகிறாரோ என்று பார்த்தால் ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தைக் காட்டும்மா என்றேன். நெட்டு சரியில்லை என்றார். நெட்டு நன்றாகத்தான் இருந்தது. மறுபடி கேட்டேன். போன் மெல்லத் திரும்பியது. கட்டில் ஓரத்தில் நாலு கால் வாக்கர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் அம்மாவின் துண்டு.

"எத்தனை நாளாம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சு, இடுப்புலயும் தோள்லயும் அடி. தீவாளிக்கு முன்னால. நீயே அங்க ஆயிரம் வேலையில இருப்பேன்னு."

எனக்கு அவர்மேல் கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது? இருபத்திரண்டு பக்கமும் எனக்கு மனப்பாடம். அதிலிருந்தே கேட்க ஆரம்பித்தேன். தானாக எழுந்து உட்கார முடிகிறதா? யாராவது பிடித்தால்தான். குளிக்க? சரசு வந்து தண்ணி ஊத்துகிறாள். சரசு பக்கத்து வீட்டுக்காரி. எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது? ஒரு வாய் தண்ணி மொண்டு குடிக்கும் வரைக்கும்.

"தலை சீவ கை தூக்க முடியுதாம்மா?"

"அதெல்லாம் முடியுது கண்ணு. நீதான் வாராவாரம் பாக்கறயே."

"அம்மா."

போன் மறுபடி கூரைக்குத் திரும்பியது. ஃபேன் சத்தத்துக்கு நடுவில் அம்மாவின் குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை நீ கூப்புடறதுக்கு முன்னால சரசு வந்து சீவிவுட்டு, பொட்டு வெச்சுவுட்டுட்டுப் போவா."